பொன்னாடைக்கு முன்னால் தகவல்

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், சென்னைவாசிகள் முதலில் நினைவுகூர்வது படகோடு வந்த மீனவர்களையும், இடுப்பளவு தண்ணீரில் சோற்றுப் பொட்டலம் சுமந்த இளைஞர்களையும்தான். அந்தப் பெருமிதத்தில் பொய் இல்லை. ஆனால், அது இன்னொரு கேள்வியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அவ்வளவு பேரைப் படகில் மீட்க வேண்டிய நிலை ஏன் வந்தது? தண்ணீர் வருமுன் அவர்களுக்கு யார், என்ன சொன்னார்கள்? ஊருக்கு உழைத்தவரைக் கொண்டாடுகிறோம். ஊராருக்குத் தகவல் சொல்வதையும் பொதுப்பணி என்கிறோம். இவ்விரண்டில் நாம் எதற்கு முதலிடம் தருகிறோம், எதற்குத் தர வேண்டும் என்று எடைபோட அந்த வெள்ளத்தைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பாராட்டின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஊதியம் வாங்காமல் உழைப்பவருக்கு ஊர் தரக்கூடியது மதிப்பு ஒன்றுதான். ஒருவரைப் பலர் முன்னிலையில் பாராட்டும்போது, கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னும் நாலு பேருக்கு 'நாமும் செய்யலாமே' என்று தோன்றுகிறது. 2015-இல் உதவிக்கு இறங்கியவர்களில் பலர் அதற்குப் பிறகு வந்த வெள்ளங்களிலும் புயல்களிலும் களத்தில் நின்றார்கள். அந்த ஊக்கத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால், பாராட்டு கண்ணில் படுபவரையே தேடிப் போகிறது. வெள்ளம் வடிந்தபின் தெருத்தெருவாக மலைபோல் குவிந்த நனைந்த மெத்தைகளையும் அழுகிய குப்பையையும் அள்ளுவதற்கு வெளி மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் அழைத்து வரப்பட்டார்கள். அவர்களை எத்தனை மேடைகள் ஏற்றின? இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. தொண்டரைப் புகழ்ந்து முடித்ததும் கணக்கு தீர்ந்துவிட்டதாக ஊர் நினைத்துக்கொள்கிறது. கடமை தவறியவர்களும் அந்தக் கைத்தட்டலில் சேர்ந்துகொண்டு தப்பித்துவிடுகிறார்கள்.

இனித் தகவலின் பக்கம். டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. வெள்ளத்தை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, இதை மனிதத் தவறால் நேர்ந்த பேரழிவு என்றே சொன்னது. நீர் திறப்பு பற்றி எச்சரித்தோம் என்பது அரசுத் தரப்பின் பதில். எச்சரிக்கை விடப்பட்டதாகவே வைத்துக்கொள்வோம். அடையாற்றங்கரையிலுள்ள கோட்டூர்புரத்தில் தரைத்தள வீட்டில் இருப்பவருக்கு '29,000 கன அடி' என்பது எதைச் சொல்லும்? 'கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்' என்றால், எந்தத் தெருவரை கரையோரம்? தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்? முழங்காலளவா, மாடியளவா? எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது? ஏரியில் திறந்த நீர் கோட்டூர்புரம் வந்து சேரச் சில மணி நேரமாவது ஆகும். இந்த நாலு கேள்விக்கும் பதில் தெரிந்திருந்தால், அந்த அவகாசத்தில் ஒரு குடும்பம் வயதானவர்களைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு நடந்தே வெளியேறியிருக்கும்.

அந்த இடைவெளியை நிரப்பியவர்களும் தொண்டர்களே. 1878-இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ், ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாததால், டிசம்பர் 2 அன்று முதல்முறையாகச் சென்னையில் அச்சாகவில்லை. அப்படிப்பட்ட நாளில், முன்பின் அறியாத இளைஞர்கள் கைப்பேசியும் கணினியுமாக உட்கார்ந்து, யாருக்குப் படகு வேண்டும், எங்கே உணவு இருக்கிறது என்று பட்டியல் போட்டார்கள். 'தமிழ்நாடு வெதர்மேன்' என்று அறியப்படும் பிரதீப் ஜான் மழையைப் பற்றிச் சாமானியருக்குப் புரியும்படி எழுதினார். அவர் வானிலைத் துறை அதிகாரி அல்ல, ஆர்வத்தால் கற்றவர். ஆனால், அதே கைப்பேசிகளில்தான் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற புரளியும் ஓடியது. பண்ணையே மறுக்க வேண்டியிருந்தது. மீட்கப்பட்டுவிட்டவர்களுக்காக உதவி கேட்கும் செய்திகளும் மறுபடி மறுபடி பகிரப்பட்டன. நாள், நேரம், சொன்னவர் யார் என்ற மூன்றும் இல்லாத செய்தி, எவ்வளவு நல்ல மனத்தோடு அனுப்பப்பட்டாலும், படகைத் தப்பான தெருவுக்கே அனுப்பும்.

வட்டாரச் செய்திக்கென்று சென்னையில் ஒரு மரபு இல்லாமல் இல்லை. அடையாறு, மயிலாப்பூர், மாம்பலம் பெயர்களில் 1990-களில் வளர்ந்த இலவச வார ஏடுகள், பெரிய நாளிதழ்கள் எட்டிப் பார்க்காத தெருவிளக்கையும் கால்வாயையும் செய்தியாக்கின. அது பெரும் பணி. ஆனால், அவை ஆங்கில ஏடுகள். ஆற்றங்கரைக் குடிசைகளில் இருப்பவர்களின் கைக்கு அவை போய்ச் சேரவில்லை. வெள்ளம் முதலில் நுழையும் வீட்டுக்குச் செய்தி கடைசியில் கூட வராதென்றால், அந்தத் தகவல் பணி பாதிப் பணிதான்.

தகவல் எல்லா வீட்டையும் எட்டச் சட்டம் இப்போது ஒரு வழி காட்டுகிறது. தமிழ்நாட்டில் 2022-இல் விதிகள் வகுக்கப்பட்டு, அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில், நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கிராம சபை போல நகரத்துக்கும் ஒரு சபை. ஆனால், கூட்டம் எப்போது, எங்கே என்பது கட்சிக்காரருக்கும் சங்கத் தலைவருக்கும் மட்டும் தெரிந்தால், அதுவும் இன்னொரு பாராட்டு மேடையாகவே முடியும்.

ஆக, என் தீர்ப்பு இது: பாராட்டு வேண்டும், ஆனால் தகவலே முதற்கடமை. ஊராருக்குச் சரியான செய்தியைச் சரியான நேரத்தில் சொல்பவரே முதல் மாலைக்கு உரியவர். குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுவிழாவில் பொன்னாடை போர்த்துமுன், பகுதி சபை கூடும் நாளையும், மழைநீர்க் கால்வாய்ப் பணி எந்த நிலையில் நிற்கிறது என்பதையும், வெள்ளம் வந்தால் எந்தத் தெரு எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதையும் தமிழில் வாசியுங்கள். அதையே எழுதி, தேதி போட்டு, தெருமுனைத் தேநீர்க் கடையில் ஒட்டுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன்பே செய்யுங்கள்.