தகிட தக: மலைமேல் ஜாஸ்

கொடைக்கானலில் ஜாஸ் என்றால் சிரிக்கிறார்கள். பேரிக்காய், மலைப்பூண்டு, வீட்டுச் சாக்லேட், அப்புறம் ஜாஸ் என்று அடுக்கினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? சிரித்தவர்களையெல்லாம் இழுத்துக்கொண்டுபோய், ஏரிக்கு மேலே என் நண்பர் வீட்டுக் கூடத்தில் உட்காரவைக்க வேண்டும். பியானோ, பேஸ், டிரம்ஸ், பக்கத்தில் ஜமக்காளத்தில் ஒரு மிருதங்கம். மைக் கிடையாது. அடடா, என்ன ராத்திரி அது!

வாசித்தது ‘டேக் ஃபைவ்’. பால் டெஸ்மண்ட் எழுதி, டேவ் புரூபெக் குழு 1959-இல் பதிவு செய்த, ஐந்து எண்ணிக்கைத் தாளம். எத்தனையோ முறை கேட்ட பாட்டுதான். ஆனால் டிரம்ஸ்காரர் தனி எடுத்ததும் மிருதங்கப் பெரியவர் தொடையில் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் வாயும் திறந்தது: தகிட தக, தகிட தக. அப்புறம் அதையே இரட்டித்து, நடுவில் கார்வை விட்டு, ஒரு கோர்வையைச் சமத்தில் கொண்டுவந்து இறக்கினார் பாருங்கள், டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். நான் கத்தியே விட்டேன்.

அதற்குப் பின் கணப்பைச் சுற்றி நடந்த பேச்சு கச்சேரியைவிட ருசி. பனி இறங்க இறங்கத் தோல் சுருதி இறங்கிக்கொண்டே வர, பெரியவர் கல்லும் கட்டையுமாகத் தட்டிச் சரிசெய்தபடி சொன்னார்: “தம்பி, இதெல்லாம் புதுசுன்னு நெனைச்சுக்காதே. கீழே பழனிக்காரர் எப்பவோ பண்ணிட்டுப் போயிட்டார்.”

பழனி சுப்பிரமணிய பிள்ளையைத்தான் சொன்னார். 1908-இல் பிறந்த புதுக்கோட்டை வழி வித்வான். இடது கைக்காரர். அவர் வாசித்தால் மேடையில் உட்காரும் வரிசையே மாறியாக வேண்டும். அதற்கு இணங்காத வித்வான்களும் இருந்தார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் கைகொடுத்து மேலே கொண்டுவந்தார். 1958-இல் அமெரிக்க அரசு அனுப்பிய சுற்றுப்பயணத்தில் புரூபெக் குழு மதராஸ் வந்தபோது, அதன் டிரம்ஸ்காரர் ஜோ மொரெல்லோ இவரோடு உட்கார்ந்து வாசித்தார்! ‘டேக் ஃபைவ்’ தனியில் டிரம்ஸ் அடிப்பவர் சாட்சாத் அதே மொரெல்லோ. உடனே முடிச்சுப்போடக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அதே இசைத்தட்டின் ‘புளூ ராண்டோ’வுக்கு விதை, அந்தப் பயணத்தில் இஸ்தான்புல் தெருவில் கேட்ட ஒன்பது எண்ணிக்கை. எல்லாப் பெருமையையும் பழனிக்கே எழுதிவைத்தால் துருக்கிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

பிள்ளை 1962-இல் மறைந்தார். அவருடைய சீடர் திருச்சி சங்கரன் 1971-இல் டொராண்டோ போய், யார்க் பல்கலைக்கழகத்தில் மேல்நாட்டு மாணவர்களுக்குச் சொல்கட்டு சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். ஜாஸும் நம் இசையும் கலந்த சக்தி குழுவில் விக்கு விநாயக்ராமின் கடம் உலகம் சுற்றியதும் ஊரறிந்த கதை.

இப்போது பெரிய செய்தி: அடுத்த மாதம் அதே கூடத்தில் மறுபடியும் கூடுகிறோம். இந்த முறை சாக்ஸபோன் வருகிறது, கஞ்சிராவும் வருகிறது. வாசிப்புக்கு ஒரு மணி நேரம். பெரியவரின் பேச்சுக்கு மணிக்கணக்கே கிடையாது. வருவதற்கு முன் கத்ரி கோபால்நாத்தும் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேர்ந்து வாசித்து 2008-இல் வெளிவந்த ‘கின்ஸ்மென்’ தட்டைக் கேட்டுவிடுங்கள். இரண்டு சாக்ஸபோன்கள் ஒன்றையொன்று துரத்துவதைக் கேட்டால் தூக்கம் போய்விடும். கம்பளி கொண்டுவாருங்கள். கேள்விகளும் கொண்டுவாருங்கள். மிருதங்கத்துக்குப் பக்கத்து இடத்தில் மட்டும் கண் வைக்காதீர்கள், அது எனக்கு.