அரங்கேறாத எண்கள்

2025 மே மாதம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தன் பொருளாதாரத் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படித்த மாணவர் ஒருவரின் ஆய்வுக் கட்டுரை பற்றிய அறிவிப்பு அது. அதன் தரவுகள் எங்கிருந்து வந்தன என்பதிலும், அவை நம்பத்தக்கவையா என்பதிலும் தனக்கு நம்பிக்கை இல்லை என்று கழகம் சொன்னது. 1,018 அறிவியலாளர்கள் பணியாற்றும் ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் செயற்கை நுண்ணறிவுக் கருவி வந்ததும் புதிய பொருள்களின் கண்டுபிடிப்பு 44 சதவீதமும், காப்புரிமை விண்ணப்பங்கள் 39 சதவீதமும் கூடின என்றது அந்தக் கட்டுரை. 2024 நவம்பரில் வரைவாக வெளிவந்த அதை டேரன் அசெமோக்லு, டேவிட் ஆட்டர் போன்ற பெரும் பேராசிரியர்களே பாராட்டினார்கள். பத்திரிகைகளும் எடுத்துப் பேசின.

இதற்கு ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. ஆறே மாதத்தில் குறை பிடிபட்டுவிட்டது, ஆகவே முறை ஒழுங்காகவே நடக்கிறது என்பது அது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆய்வு வரைவுகளை, அதாவது ‘வொர்க்கிங் பேப்பர்’களை, முன்கூட்டியே வெளியிடுவதில் நன்மை இல்லை என்று சொல்லமாட்டேன். பொருளாதார இதழ்களில் ஒரு கட்டுரை அச்சேறப் பல ஆண்டுகள் ஆகும். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது அரசுகள் அவ்வளவு காலம் காத்திருந்திருக்க முடியாது. அமெரிக்காவின் தேசியப் பொருளாதார ஆய்வு மையம் தன் வரைவுகளை வளரும் நாடுகளில் இருப்போருக்கு இலவசமாகத் தருகிறது. மதுரையில் எம்.ஏ. படிக்கும் மாணவியும் ஹார்வர்டு பேராசிரியரும் ஒரே நாளில் ஒரே தாளைப் படிக்க முடிவது சிறிய விஷயம் அல்ல. துறைக்குள் இருப்பவர்கள் கருத்துக் கேட்பதற்காகச் சுற்றுக்கு விடும் தாள் என்ற அளவில் வரைவின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை.

அந்தத் தாள் சுற்றைத் தாண்டிச் செய்தியாகிவிடுகிறதே, அதுதான் என் குறை. பல ஆண்டுகள் நாளிதழ் மேசையில் இருந்தவன் என்ற முறையில் அது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆய்வு நிறுவனம் தன் செய்திமடலில் புதிய நியமனம், விருது, புதிய வரைவு மூன்றையும் ஒரே தொனியில், ஒரே எழுத்தளவில் அறிவிக்கிறது. கட்டுரையின் சுருக்கத்திலிருந்து ஒரே ஓர் எண்ணை எடுத்துச் செய்திக்குறிப்பின் முதல் வரியில் வைக்கிறது. செய்தி நிறுவனம் அந்த முதல் வரியை அனுப்புகிறது. இரவுப் பதிப்பு முடிய முக்கால் மணி நேரம் இருக்கும்போது அது துணையாசிரியரின் கைக்கு வருகிறது. அவர் ‘ஆய்வில் தகவல்’ என்று தலைப்புப் போட்டுப் பெட்டிச் செய்தியாக்குகிறார். கருத்துக் கேட்பதற்காக மட்டுமே வெளியிடப்படுவது, சக ஆய்வாளர்கள் இன்னும் மதிப்பிடாதது என்று வரைவின் முகப்பில் இருந்த வாசகம் வழியிலேயே கழன்று விழுந்திருக்கும். நானும் அப்படித் தலைப்புப் போட்டவன்தான். அந்தப் பெட்டிகளில் ஒன்றில் இருந்த எண் 90.

பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010 ஜனவரியில் வெளியிட்ட வரைவிலிருந்து வந்த எண் அது. அரசின் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிகிறது, பணக்கார நாடுகளில் சராசரி மைனஸ் 0.1 சதவீதத்துக்குப் போய்விடுகிறது என்பது அவர்களின் முடிவு. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்கப் பொருளாதாரச் சங்க இதழின் மாநாட்டுத் தொகுப்பில் அது அச்சானது. அந்தத் தொகுப்புக்கும் வழக்கமான மதிப்பீடு கிடையாது. ஐரோப்பிய ஆணையத்தின் அப்போதைய பொருளாதார ஆணையர் ஒல்லி ரென் அந்த எண்ணைச் சொன்னார். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் பால் ரையனின் பட்ஜெட் திட்டம் அந்த ஆய்வைச் சான்று காட்டியது. செலவைக் குறை, ஓய்வூதியத்தை வெட்டு என்று சொல்ல விரும்பியவர்கள் எல்லோர் கையிலும் 90 இருந்தது. அரசுகளின் சிக்கனக் கொள்கை இந்த ஒரு தாளால்தான் வந்தது என்று சொல்வது மிகை. அதை வேண்டியவர்கள் வேறு காரணமும் தேடியிருப்பார்கள். ஆனால் தேட வேண்டிய தேவையே அவர்களுக்கு வரவில்லை.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆமர்ஸ்ட் வளாகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ண்டன், ஏதாவது ஒரு புகழ்பெற்ற ஆய்வைத் திரும்பச் செய்துபார் என்ற வகுப்புப் பயிற்சிக்காக இந்தத் தாளை எடுத்தார். எத்தனை முறை போட்டும் கணக்கு ஒத்துவரவில்லை. கட்டுரையாசிரியர்களுக்கு எழுதிக் கேட்டார். அவர்கள் தாங்கள் பயன்படுத்திய எக்ஸெல் கோப்பை அனுப்பினார்கள். சராசரி காணும் சூத்திரம் 30-ஆம் வரியிலிருந்து 49-ஆம் வரி வரை போயிருக்க வேண்டும். அது 44-ஆம் வரியிலேயே நின்றிருந்தது. டென்மார்க், கனடா, பெல்ஜியம், ஆஸ்திரியா, ஆஸ்திரேலியா ஆகிய ஐந்து நாடுகள் கணக்கிலேயே சேரவில்லை.

அதைவிடப் பெரிய கோளாறும் இருந்தது. பிரிட்டன் 90 சதவீதத்துக்கு மேல் கடனோடு 19 ஆண்டுகள் இருந்து சராசரியாக 2.4 சதவீதம் வளர்ந்திருந்தது. நியூசிலாந்தின் கணக்கில் 1951 என்ற ஒரே ஓர் ஆண்டு, மைனஸ் 7.6 சதவீதம். 1946 முதல் 1949 வரையிலான நான்கு ஆண்டுகள் விடுபட்டிருந்தன. சராசரியில் அந்த 19 ஆண்டுகளுக்கும் இந்த ஓராண்டுக்கும் ஒரே எடை கொடுக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் சரிசெய்து ஹெர்ண்டனும் அவருடைய பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் பாலின் இருவரும் 2013 ஏப்ரலில் வெளியிட்ட முடிவில் மைனஸ் 0.1 என்பது பிளஸ் 2.2 ஆனது. சூத்திரப் பிழையை ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் ஒப்புக்கொண்டார்கள். கடன் கூடினால் வளர்ச்சி குறைகிறது என்ற மையக் கருத்து நிற்கிறது என்றார்கள். நிற்கலாம். ஆனால் அமைச்சர்கள் பிடித்துக்கொண்டது மையக் கருத்தை அல்ல, 90-ஐ.

ஹெர்ண்டன் குழுவின் மறுப்பும் ஒரு வரைவாகத்தானே வந்தது என்று கேட்பார்கள். உண்மைதான். வரைவு வழியாக வந்த பிழையை இன்னொரு வரைவு திருத்தியது. ஆனால் நடுவில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன. மறுப்பு வந்த 2013-இல், சிக்கனத்தில் இருந்த கிரேக்கத்தில் வேலையின்மை 27 சதவீதத்தைத் தொட்டிருந்தது. திருத்தம் துறைக்குள் வந்து சேர்ந்தது. வேலை போனவன் வீட்டுக்கு அது எதையும் கொண்டுவரவில்லை. முறை தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது என்று சொல்பவர்கள் அறிவுத்துறையின் கணக்கை மட்டும் பார்க்கிறார்கள். எண் ஊருக்குள் போய் என்ன செய்தது என்ற கணக்கை யாரும் எழுதுவதில்லை. நான் வேலை பார்த்த மேசையில் 90 சதவீதத்துக்குப் பெட்டிச் செய்தி போட்டோம். 2013-இல் அதன் திருத்தத்துக்கு ஒரு வரிகூடப் போடவில்லை. தலைப்பு எழுதிய நானும் போடச் சொல்லவில்லை.

90-இன் கதையும் தொடக்கத்தில் சொன்ன 2024 கட்டுரையின் கதையும் ஒரே இரகம் அல்ல. ஒன்று கவனக்குறைவு. மற்றதில் தரவின் தோற்றமே கேள்விக்குள்ளானது. ஆனால் இரண்டிலும் எண் வெளியே இருந்தது, கணக்கு உள்ளே இருந்தது. ஹெர்ண்டன் எழுதிக் கேட்கும்வரை அந்த எக்ஸெல் கோப்பை வெளியார் யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. 2024 கட்டுரையில் நிறுவனத்தின் பெயரே கிடையாது. வாசகர் எங்கே போய்ச் சரிபார்ப்பார்? யாரும் சரிபார்க்க முடியாத ஒன்றைப் பெரிய பெயர்கள் பாராட்டியதால் நம்பினோம். இது ஆய்வு முறையே அல்ல, வாக்குறுதி.

சரிபார்த்த பிறகே வெளியிடும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியப் பாயிரம் அந்நூல் எப்படி உலகுக்கு வந்தது என்று சொல்கிறது. பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் முன்னிலையில், குற்றம் இல்லாதபடி தெரிவித்த பிறகே நூல் வெளியே போனது. இப்படி நூலை அவையில் வைக்கும் அரங்கேற்றம் என்றால் தடை எழுப்ப ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும், அவர் கையில் முழு ஏடும் இருக்க வேண்டும். பொருளாதாரத் துறைக்கும் இது தெரியாமல் இல்லை. அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் 2018-இல் தரவு ஆசிரியர் ஒருவரை நியமித்தது. இப்போது அதன் இதழ்களில் ஒரு கட்டுரை அச்சேறுமுன் தரவையும் கணினி நிரலையும் வாங்கி ஓட்டிப் பார்க்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தச் சோதனை நடக்கும் நாளில் எண் செய்தியாகி, மேற்கோளாகி, பட்ஜெட் உரைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். நெல் சந்தைக்குப் போன பிறகு களத்துக்குக் காவல் போடுகிறார்கள்.

வரைவுகளை நிறுத்தச் சொல்லவில்லை. தரவையும் நிரலையும் வெளியார் ஒருவர் கையில் கொடுத்து, அவர் அதே எண்ணை எடுத்துக் காட்டும்வரை எந்த ஆய்வு நிறுவனமும் அந்த வரைவுக்குச் செய்திக்குறிப்பு வெளியிடக் கூடாது. தரவைக் காட்ட முடியாது, நிறுவனத்தின் பெயரைச் சொல்ல முடியாது என்றால் அந்த எண்ணை ஊருக்கு அறிவிக்கும் உரிமையும் இல்லை. பத்திரிகைகளோ ‘ஆய்வில் தகவல்’ என்று போடுமுன், அந்த எண்ணை வேறு யாராவது போட்டுப் பார்த்தார்களா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். ஒரு மின்னஞ்சல் அனுப்பும் வேலை அது. ஹெர்ண்டன் அனுப்பியதும் அந்த மாதிரி ஒரு கடிதத்தைத்தான். 2010-இல் எங்களில் யாராவது அதை அனுப்பியிருக்கலாம்.