கோணிய விரல்களின் பாடம்

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்கு முதல் விலை சொல்வது கண்தான். பச்சை குறையாமல் இருக்கிறதா, எட்டு எம்.எம். தேறுமா, வெடித்த காய் கலந்திருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கும் வேலையில், புரை விழுந்தால் பிழைப்பே போய்விடும். அதனால் கண்புரை அறுவையை ஒரு கைவினையாக ரசிக்க, போடியை அடுத்த சிலமலைப் பக்கத்து மக்களுக்குத் தனி உரிமை உண்டு. அந்தக் கலையின் பெரிய பெயர் டாக்டர் கோ. வெங்கடசாமி. 1976இல் ஓய்வுபெற்ற பின் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். நிர்வாகக் கல்லூரிகளில் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் அவருடைய கலை உருவானது அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில், மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்தபோது என்பது என் கட்சி.

உறவுப் பெண்கள் பேறுகாலத்தில் இறந்ததைக் கண்டு, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்றுதான் அவர் படித்தார். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணின. கண் மருத்துவத்துக்கு மாறி, தன் கைக்கு ஏற்ற கருவிகளை வடிவமைத்து, கத்தி பிடிக்கவே புதிதாகப் பழகினார். இயல்பாகக் கைவந்தவருக்குத் தான் செய்வதைப் பிரித்துச் சொல்ல வராது. ஒவ்வொரு அசைவையும் யோசித்துக் கற்றவருக்கு வரும். நல்ல ஆசிரியராக அவரை ஆக்கியது அந்த நோய்தான் என்று தோன்றுகிறது. தங்கை நாச்சியாரும், தேனிப் பக்கத்து அம்பாசமுத்திரத்தில் பிறந்த நம்பெருமாள்சாமியும் அவரிடம் பயின்றவர்கள். அறுபதுகளில் கிராமம் கிராமமாக நடத்திய கண் முகாம்கள், வகுப்பறைக்கு வெளியே நடந்த வகுப்புகள்.

அரவிந்தில் இரண்டு மேசை போட்டு, ஒருவருக்கு முடிந்ததும் மைக்ராஸ்கோப்பை அடுத்தவர் பக்கம் திருப்புவது ஆலை வேலை, அதில் கலை எங்கே என்று கேட்பார்கள். கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். விழியின் வெள்ளைப் பகுதியில் ஆறேழு மில்லிமீட்டர் அகலத்துக்குச் சாய்வாக ஒரு சுரங்கம். வெளிவாயைவிட உள்வாய் அகலம். அதன் வழியே புரையின் கெட்டியான உட்கருவை வழுக்கி எடுத்து, காலியான உறைக்குள் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். உறையின் பின்பக்கம் நான்கைந்து மைக்ரான் கனம்தான்; அது கிழிந்தால் காரியம் கெட்டது. கண்ணின் அழுத்தமே சுரங்கத்தை மூடிவிடுவதால் தையல் கிடையாது. கை தேர்ந்தவருக்கு இவ்வளவுக்கும் சில நிமிடங்கள் போதும். நோயாளியைத் தயார்செய்வது, கருவி எடுத்துக் கொடுப்பது எல்லாவற்றையும் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் பார்த்துக்கொள்வதால், டாக்டரின் கவனம் அந்தச் சுரங்கத்தைவிட்டு நகர்வதில்லை. ஒரே ராகத்தை வாழ்நாள் முழுக்கப் பாடுகிறவரை ஆலைத் தொழிலாளி என்போமா?

இந்தத் தையலில்லா முறை வெங்கடசாமி காலத்துப் பெரிய கீறலுக்குப் பின்னால் வந்தது, இதில் அவர் பங்கு என்ன என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. முறை அவருடையதல்ல, அறுவையைப் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் இளையவர் கையில் ஒப்படைக்கும் வழக்கம் அவருடையது. அவர் கையாலேயே ஒரு லட்சத்துக்கும் மேல் அறுவைகள் நடந்தன என்கிறார்கள். முறை மாறியபோது நிறுவனம் தடுமாறாததற்கு அந்த எண்ணிக்கையைவிட இந்த வழக்கமே காரணம்.

அரவிந்தின் முதல் கிளை தேனியில்தான் திறந்தது. புரை நன்றாக முற்றட்டும் என்று இன்னும் காத்திருக்கும் பெரியவர்கள் போடி வட்டாரத்தில் உண்டு. முற்ற முற்ற உட்கரு கெட்டிப்படும், எடுப்பது சிரமமாகும். காய் பொறுக்கும்போது நிறம் மங்கலாகத் தெரிகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால், அந்த வாரமே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.