பிரெய்ல் சிலேட்டு

சங்கரன்கோவில் வட்டாரமானாலும் சென்னையானாலும், மாற்றுத்திறன் மாணவருக்கான தனிநபர் கல்வித் திட்டத்தில் நான் முதலில் தேடிப் படிப்பது உதவிக் கருவி பற்றிய வரியைத்தான். பார்வையற்ற மாணவருக்கு ‘பிரெய்ல் சிலேட்டு’ என்று பெயரை மட்டும் எழுதி முடித்துவிடக் கூடாது. அந்தச் சிலேட்டில் எழுத, தடித்த தாளை அதன் சட்டத்தில் செருகி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேடாக எழுந்து, இடமிருந்து வலமாக விரலுக்குத் தட்டுப்படும். ஆறு புள்ளிகளில் முதலாவது மட்டும் இருந்தால் அ. முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் க. எவ்வளவு அழகான ஏற்பாடு! அதை எந்தப் பாடவேளையில், யார் துணையோடு பயன்படுத்துவது, தேர்விலும் உண்டா என்பதெல்லாம் அந்த வரியில் வர வேண்டும்.

பேச்சு வராத குழந்தைக்குச் சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ செயலி இருக்கிறது. படத்தைத் தொட்டால் பேசும். அதை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்களா என்பதையும் எழுதியாக வேண்டும். பள்ளியோடு நின்றுவிட்டால், ராத்திரி பசிக்கிறது என்று குழந்தை அம்மாவிடம் எப்படிச் சொல்லும்?