கட்டுண்டவர் தந்த கவசம்: இரட்சணிய யாத்திரிக மரபில் திருவசனக் காவல்

ஆய்வுச் சுருக்கம்

ஆன்மப் போராட்டத்தில் திருவசனத்தைக் காவலாகக் கொள்ளுதல் தமிழ்க் கிறித்தவர் வாழ்வில் வேரூன்றிய வழக்கம். அக்காவலின் இயல்பை எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம், அதன் மூலமான ஜான் பன்யனின் உருவகக் கதை, இவ்விரண்டுக்கும் ஊற்றான விவிலியப் பகுதிகள் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ்க் கவச இலக்கிய மரபு ஒப்பீட்டுக்குத் துணையாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இரட்சணிய யாத்திரிகம், கவசம், காப்பு, சங்கீதம் 91, தேவாரம், குமார பருவம்.

நிலைப்படியில் ஒரு சங்கீதம்

வாழப்பாடியிலும் சேலம் – ஆத்தூர்ச் சாலையை ஒட்டிய ஊர்களிலும் கிறித்தவர் வீட்டு நிலைப்படியை நோக்கினால் 91ஆம் சங்கீதத்தின் ஓர் அடி ஒட்டுத்தாளிலோ வண்ண எழுத்திலோ காணக்கிடைப்பது உண்டு. அடுத்த வீட்டு வாசலில் எலுமிச்சையும் படிகாரமும் தொங்கும். உள்ளிருந்து கந்த சஷ்டி கவசம் ஒலிக்கும். குழந்தையின் தலையணைக்கடியில் விவிலியத்தை வைத்துத் தூங்க வைக்கும் தாய்மார் உண்டு. இவற்றை மூடநம்பிக்கை என ஒதுக்கிவிட்டுப் போவது எளிது. ஆனால் 91ஆம் சங்கீதம் காப்புப் பாட்டாக வழங்கிய வரலாறு மிகப் பழையது. கும்ரானின் பதினோராம் குகையில் கிடைத்த சுருள் ஒன்றில் பேயோட்டும் பாடல்களுக்கு அடுத்ததாக இச்சங்கீதம் எழுதப்பட்டுள்ளது. வாழப்பாடித் தாயின் செயலுக்கு ஈராயிரம் ஆண்டு முன்மாதிரி இருக்கிறது.

சிக்கல் வேறிடத்தில் எழுகிறது. ஒட்டிய வசனம் காக்கும் என்று நம்பிய வீட்டில் நோய் நீங்காதபோது, அல்லது மனத்தின் இருள் விலகாதபோது, ‘விசுவாசம் போதவில்லை’ என்னும் பழி துன்புறுவோர் மேலேயே விழுகிறது. நோயோடு குற்றவுணர்வும் சேர்கிறது. திருவசனத்தைக் காவலாகக் கொள்ளும் மரபு உண்மையில் இதைத்தான் சொல்கிறதா என்பதே இக்கட்டுரையின் வினா. விடைக்கு இரட்சணிய யாத்திரிகத்தை நாடுவதற்குக் காரணம் உண்டு. தமிழில் இப்போராட்டத்தைக் காப்பிய அளவில் பாடிய நூல் அது. அதன் ஒரு பகுதியைப் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் வழியாக வாழப்பாடி மாணவரும் படிக்கின்றனர்.

இரு கவசங்கள்

கிருஷ்ண பிள்ளை (1827–1900) நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர். 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். கம்பனைத் தோய்ந்து கற்ற அவர், பன்யன் 1678இல் வெளியிட்ட உரைநடைக் கதையை ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாக வகுத்துப் பெருங்காப்பியமாக்கினார். நற்போதகம் இதழில் பல்லாண்டு தொடர்ந்து வந்த அது, 1894இல் நூலுருப் பெற்றது. அதற்கு மூன்றாண்டு முன்னர், 1891இல், பாம்பன் சுவாமிகளின் சண்முக கவசம் தோன்றியது. ஒரே காலத்தில் ஒரே மொழியில் காவலைத் தேடிய இரு நூல்கள் எனினும், இவற்றை அருகருகே வைத்து நோக்கும் வழக்கம் நம் ஆய்வுலகில் அரிது.

தமிழ்க் கவச நூல்கள் உடலை உறுப்புறுப்பாகப் பெயர் சொல்லிக் காவலில் ஒப்படைப்பவை. நெற்றி, கண், செவி, நா, மார்பு எனத் தலைமுதல் கால்வரை ஒவ்வொன்றுக்கும் வேல் காவல் நிற்கும். எபேசியர் நிருபத்தின் ஆறாம் அதிகாரமும் மேலோட்டமாகப் பார்த்தால் இவ்வாறே உறுப்புகளை எண்ணிச் செல்கிறது. அரைக்கச்சை, மார்க்கவசம், பாதரட்சை, கேடயம், தலைச்சீரா, பட்டயம் என்பன அதன் வரிசை. தமிழ் விவிலியம் இதற்கு வழங்கும் ‘சர்வாயுதவர்க்கம்’ என்னும் சொல்லும் ஒரு மந்திர ஓசையுடனேயே காதில் விழுகிறது. ஆயினும் அங்கே உறுப்புகள் காக்கப்படவில்லை. சத்தியம், நீதி, சமாதானம், விசுவாசம், இரட்சிப்பு என்னும் பண்புகளே அணியாகின்றன. போர் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அன்று என அப்பகுதி முதலிலேயே சொல்லிவிடுவதால், மாம்சத்துக்கு அது காவல் உறுதி தரவில்லை என்பது வெளிப்படை.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஏசாயா 59ஆம் அதிகாரத்தில் நீதியை மார்க்கவசமாகவும் இரட்சிப்பைத் தலைச்சீராவாகவும் அணிபவர் கடவுளே. நிருப ஆசிரியர் அந்த அணிகளை எடுத்து அடியார்க்கு உடுத்துகிறார். இங்கே பெரியாழ்வார் நினைவுக்கு வருதல் இயல்பு. திருமொழி ஐந்தாம் பத்தின் இரண்டாம் பதிகத்தில் நோய்களை விளித்து, இவ்வுடல் பழையபடி இல்லை, இது இப்போது காவலுள்ள நகரம் என்கிறார். திருமாலின் படைக்கலங்களை உறங்காது விழித்திருக்குமாறு வேண்டுகிறார். உடலுள் இறைவன் பள்ளிகொண்டிருப்பதால் அவன் படைகள் அதனைக் காக்கும் என்பது அப்பதிகத்தின் உட்கிடை. எபேசியரில் அடியானே அப்படைக்கலங்களை ஏந்தி நிற்க வேண்டியவனாகிறான். ஓரிடத்தில் காவல் கிடைக்கிறது. மற்றோரிடத்தில் காவற்பணி கிடைக்கிறது. வைணவத்தில் வளர்ந்து பன்யனைப் பாடவந்த ஒரு கவிஞர் இவ்வேறுபாட்டை உணராதிருந்திருப்பார் என்று கருத இயலாது.

வாள் நழுவும் கணம்

காப்பியம் பன்யனின் பயணக் கதையையே முதுகெலும்பாகக் கொண்டிருத்தலின், மூலத்தின் போர்க்காட்சிகளை உற்று நோக்குதல் தகும். மாளிகையில் ஆயுதம் பூண்ட யாத்திரிகன் தாழ்மையின் பள்ளத்தாக்கில் அப்பொல்லியோனை எதிர்ப்படுகிறான். அவனது முதல் எண்ணம் திரும்பி ஓடுவது. முதுகுக்குக் கவசம் இல்லை என்பது நினைவுக்கு வந்த பின்னரே நிற்கத் துணிகிறான். வீரத்தை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன இடம் பக்தி இலக்கியத்தில் குறைவு என்பேன். அரைநாளுக்கு மேல் நீண்ட போரில் தலையிலும் கையிலும் காலிலும் காயம்படுகிறான். கவசம் காயத்தைத் தடுக்கவில்லை. வாள் கையைவிட்டு நழுவி விழுகிறது. திருவசனமே அந்த வாள் எனில், திருவசனமும் ஒரு கணம் கைக்கெட்டாமற் போகிறது. மீண்டும் அதைப் பற்றும்போது, விழுந்தாலும் எழுவேன் என்னும் மீகா தீர்க்கரின் கூற்று அவன் வாயில் வருகிறது. விழமாட்டேன் என்று அவ்வசனம் சொல்லவில்லை. விழுந்தவனுக்கே உரிய வசனம் அது.

பன்யன் இதனை ஏட்டறிவால் எழுதவில்லை. அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காக 1660 முதல் பன்னிரண்டாண்டு சிறையில் கிடந்தவர் அவர். 1666இல் வெளிவந்த தன்வரலாற்றில், ஏசா தன் பிறப்புரிமையை விற்றதைச் சொல்லும் எபிரெயர் நிருப வசனம் நெடுங்காலம் தம்மை வாட்டியதை விரிக்கிறார். காக்க வேண்டிய வசனமே குத்தும் ஈட்டியாயிற்று. அந்நிலையில் அவரை மீட்டவையும் வேறு வசனங்களே. ஆதலின் திருவசனம் எப்பொழுதும் ஒரே பக்கம் நின்று காவல் புரியும் மதிற்சுவரன்று. எவ்வசனத்தை, எவர், எதற்காக எடுக்கிறார் என்பதில் எல்லாம் தங்கியிருக்கிறது.

இதற்கு மிகக் கூரிய சான்று நற்செய்தி நூலிலேயே உள்ளது. மத்தேயு நான்காம் அதிகாரத்தில் ஆலயத்தின் உச்சியில் நின்று 91ஆம் சங்கீதத்தை எடுத்தோதுவது சாத்தான். தூதர்கள் கையில் ஏந்துவார்கள், கீழே குதி என்பது அவன் வாதம். நம் வீட்டு நிலைப்படிகளில் எழுதப்படும் அதே சங்கீதம்! இயேசுவின் மூன்று மறுமொழிகளும் உபாகமத்திலிருந்து வருகின்றன. அவற்றுள் எதுவும் ஆபத்தினின்று காவல் கேட்கவில்லை. கடவுளைச் சோதிக்கலாகாது என்பதே இரண்டாம் சோதனைக்குரிய விடை. காவல் வசனத்தைக் காவலுக்கு உத்தரவாதச் சீட்டாக நீட்டுதல், அந்நிகழ்ச்சியின்படி, சோதனைக்காரனின் வாசிப்பு முறையாகும். தலையணைக்கடியில் நூலை வைக்கும் தாயை இதன்கண் சேர்த்தல் கூடாது. அவள் கடவுளைச் சோதிக்கவில்லை, அஞ்சுகிறாள். நோயாளியிடம் அவ்வசனத்தைக் காட்டி விசுவாசத்துக்குக் கணக்குக் கேட்போரையே இது சுட்டும்.

தேவாரமும் கட்டுண்ட தலைவனும்

மரண இருளின் பள்ளத்தாக்கில் பன்யனின் யாத்திரிகனுக்கு வாள் பயன்படுவதில்லை. அதனை உறையிலிட்டுச் சர்வ ஜெபம் என்னும் வேறொரு படைக்கலத்தை எடுக்கிறான். இவ்விடத்தில்தான் கிருஷ்ண பிள்ளையின் தனித்தன்மை துலங்குகிறது. அவர் காப்பியத்தின் இடையிடையே ‘தேவாரம்’ என்னும் பெயரிலேயே பதிகங்களை அமைத்தார். விருத்தத்தில் கதை நடந்துகொண்டிருக்க, இடையே கதை நின்று உள்ளம் இறைவனை நேரே விளிக்கத் தொடங்கும். வைணவராய்ப் பிறந்து கிறித்தவரான ஒருவர் சைவத் திருமுறையின் பெயரைத் தம் வேண்டுதற் பாடலுக்கு இட்டதை, மரபுப் பற்று என்று மட்டும் பாராட்டி விடுதல் போதாது. நாளும் கோளும் தீங்கு செய்யா எனத் துணிந்து சம்பந்தர் பாடிய கோளறு பதிகத்தைத் தமிழர் காப்பாக ஓதி வருகின்றனர். அம்மரபில் காவல் என்பது பாடும் வாயிலிருந்து பிறப்பது. பன்யன் ஒரு சொல்லால் குறித்த ஜெப ஆயுதத்துக்குத் தமிழ்க் காதறிந்த வடிவத்தைத் தேடிய கவிஞருக்குப் பதிகம் கிடைத்தது என்பதே என் கருத்து. ‘கிறித்தவக் கம்பர்’ என்னும் பட்டம் அவருடைய விருத்தத்தைப் போற்றுகிறது. இப்பதிகங்களை நிழலில் விட்டுவிடுகிறது.

மற்றொரு மாற்றம் இன்னும் அடிப்படையானது. பன்யனில் கிறிஸ்துவின் பாடுகள் விரிந்த கதையாக இல்லை. சிலுவையடியில் சுமை கழன்று விழும் காட்சியோடு யாத்திரிகன் நடந்துவிடுகிறான். கிருஷ்ண பிள்ளை குமார பருவத்தில் இரட்சணிய சரித படலத்தை அமைத்து அப்பாடுகளை விரித்துரைத்தார். பாடநூலில் இடம்பெற்றிருப்பது இப்பகுதியே. பகைவர் கயிற்றால் பிணிக்க, தடுக்கும் ஆற்றல் இருந்தும் இறைமகன் அமைதியாக நிற்கிறார். மனிதர் மீது கொண்ட அன்பென்னும் கட்டிலிருந்து விடுபட இயலாமையே அதற்குக் காரணம் என்கிறார் கவிஞர். வகுப்பறையில் இப்பாடல் பெரும்பாலும் இலக்கணக் குறிப்புக்கும் உறுப்பிலக்கணத்துக்கும் இரையாகிவிடுவது வருந்தத்தக்கது.

சர்வாயுதவர்க்கத்தை எழுதியவர், அதே அதிகாரத்தின் முடிவில் தம்மைச் சங்கிலியால் கட்டுண்ட தூதராகச் சொல்லிக்கொள்கிறார். அதைக் கதையாக்கியவர் பெட்ஃபர்டு சிறையை அறிந்தவர். தமிழில் பாடியவரோ காப்பியத்தின் நடுவே கட்டுண்ட கடவுளை நிறுத்துகிறார். மூவர் படைப்பிலும் கவசம் அணிந்தவர் துன்பத்துக்கு விலக்குப் பெறவில்லை. மாயாபுரிச் சந்தையில் யாத்திரிகனின் தோழன் எரியுண்டு மாள்கிறான்; அவனுக்கு விசுவாசம் குறைவு என்று பன்யன் ஓரிடத்திலும் சொல்லவில்லை. மாறாக, அவன் பெயரே உண்மையுள்ளவன் என்பது. நோய் நீங்காத வீட்டில் விசுவாசக் கணக்குக் கேட்கும் போதனைக்கு இம்மரபில் இடமில்லை என இதனைக் கொண்டு துணிந்து கூறலாம்.

மரண இருளின் பள்ளத்தாக்குக்கே மீண்டும் வருவோம். அங்கே தீய ஆவி ஒன்று பின்னால் நெருங்கி, தெய்வ நிந்தனைச் சொற்களை யாத்திரிகனின் காதில் மெல்ல ஓதுகிறது. அவை தன் மனத்திலேயே பிறந்தவை என்று அவன் நம்பிவிடுகிறான். வேறெந்தத் துன்பத்தைக் காட்டிலும் அது அவனை வாட்டுகிறது. மனநோயின் வேதனையை அறிந்தோர் இவ்வரிகளைக் கடந்துபோக மாட்டார்கள். அவ்விருளில் அவனுக்குத் துணையாவது அவன் கையிலிருந்த நூலன்று. முன்னே எங்கோ நடந்து செல்லும் ஒருவன் 23ஆம் சங்கீதத்தின் நான்காம் வசனத்தை ஓதும் குரல் கேட்கிறது. இப்பள்ளத்தாக்கில் தன்னைப் போல் வேறொருவனும் இருக்கிறான் என்று யாத்திரிகன் மகிழ்ந்து கூவி அழைக்கிறான். முன்னே சென்றவனுக்கு என்ன விடை சொல்வதென்று தெரியவில்லை. அவனும் தான் தனியன் என்றே எண்ணியிருந்தான்.