சாஞ்சி, பார்ஹுத் வேதிகைகள்: சிற்பமும் பயன்பாடும்

பௌத்தத் தூபியைச் சூழ்ந்து நிற்கும் கற்கிராதி ‘வேதிகை’ எனப்படும். அதன் நிமிர்ந்த தூண் ஸ்தம்பம். தூண்களின் பக்கத் துளைகளிற் செருகப்படும் குறுக்குச் சட்டம் சூசி, அதாவது ஊசி. மேலமைந்த மூடுகல் உஷ்ணீஷம், அதாவது தலைப்பாகை. மரவேலியின் இணைப்பு முறையே கல்லில் பின்பற்றப்பட்டது என்பது அறிஞர் பலர் ஏற்ற முடிவாகும். ஆயின், ஆய்வு இம்முடிவோடு நின்றுவிடும்போது வேதிகை, சிற்பம் தாங்கும் பரப்பாக மட்டுமே மதிப்பிடப்படுகிறது.

இம்மதிப்பீட்டில் பார்ஹுத் முதலிடம் பெறுகிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அவ்வேதிகையில் தாமரைப் பதக்கங்களும் இயக்கர் உருவங்களும் ஜாதகக் கதைக் காட்சிகளும் நிறைந்துள்ளன. காட்சிகள் பலவற்றின் பெயர்கள் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பது அதன் தனிச்சிறப்பு. சாஞ்சிப் பெருந்தூபியின் தரைமட்ட வேதிகையோ சிற்ப அணியற்றது. எனவே, அது தோரணவாயில்களுக்குப் பின்னணியாகவே பேசப்படுகிறது.

பயன்பாட்டு நோக்கில் காணின் இவ்வரிசை மாறும். சாஞ்சி வேதிகை நான்கு வாயில்களிலும் நேரே திறப்பதில்லை. வெளியே நீண்டு மடங்குகிறது. உட்புகுவோர் திரும்பியே வலம்வரும் பாதையை அடைகின்றனர். ஆளுயரத்தை விஞ்சிய கல்வரிசை புறவுலகை மறைத்து, தூபியை வலப்புறம் கொண்டு நடக்கும் ஒழுங்கை நிலைநிறுத்துகிறது. சிற்பமற்ற கற்களும் வெற்றுக் கற்கள் அல்ல. துறவியர், இல்லறத்தார், மகளிர் எனப் பலதிறத்தாரின் கொடைக் குறிப்புகளை அவை தாங்கியுள்ளன. தென்புற இரட்டைப் படிகளிலும் மேல்தளத்திலும் அமைந்த வேதிகைகள் அளவிற் சிறியன. சிற்ப அணி உடையன. கீழே எல்லையாக நிற்கும் அதே அமைப்பு, மேலே விழாமற் காக்கும் கைப்பிடிச் சுவராகப் பணிபுரிகிறது.

பார்ஹுத் வேதிகையை இவ்வாறு காண இன்று வழியில்லை. 1873இல் கன்னிங்காம் அவ்விடத்தைக் கண்டறிந்தபோது தூபியின் செங்கற்களில் பெரும்பகுதி ஊரார் வீடு கட்டுவதற்குப் போய்விட்டிருந்தது. எஞ்சிய வேதிகைக் கற்கள் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன. அதனால் சிற்பங்கள் காக்கப்பட்டன என்பது மறுக்கவியலாதது. எனினும், சூழ்வதற்குத் தூபி இல்லாத நிலையில் வேதிகை காட்சிப்பொருளாகிவிட்டது. நடந்து காண வேண்டியது நின்று காணப்படுகிறது.

ஆகவே, இடம்பெயர்ந்த ஒன்றையும் இடத்திலேயே நிற்கும் மற்றொன்றையும் சிற்பம் என்னும் ஒரே அளவுகோலால் ஒப்பிடுவது பொருந்தாது. பார்ஹுத் சிற்பங்களின் பொருளை முழுமையாக உணர்வதற்கும் சாஞ்சியின் எளிய வேதிகையே துணைசெய்யும் எனலாம். அக்காட்சிகள் எந்நடைக்கு இசையச் செதுக்கப்பட்டன என்பதை அதுவே இன்றும் காட்டி நிற்கிறது.