விடையும் விளக்கமும்: மறைகுறிப்புக் குறுக்கெழுத்து பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

குறுக்கெழுத்துப் புதிரை இலக்கியத் திறனாய்வின் எல்லைக்குள் கொண்டுவருதல் சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். ஓய்வு மிக்கோரின் பொழுதுபோக்கு என அதனை ஒதுக்கும் மனோபாவம் எம்மிடையே மட்டும் காணப்படுவதன்று. 1924இல் அமெரிக்காவைப் பற்றிக்கொண்ட குறுக்கெழுத்து மோகத்தை இகழ்ந்து எழுதிய லண்டன் ரைம்ஸ் பத்திரிகையே, 1930 பெப்ரவரி முதலாந் திகதி தானும் ஒரு புதிரை அச்சிட முற்பட்டது. அம்மோகம் இங்கு எமது அக்கறைக்குரியதன்று. இங்கிலாந்தில் வளர்ச்சியுற்ற மறைகுறிப்புக் குறுக்கெழுத்து, ஒரு வாக்கியத்தை எவ்வாறு வாசிப்பது, வாசித்துப் பெற்ற பொருளை எவ்வாறு நிறுவுவது என்னும் இரு வினாக்களை எதிர்கொண்ட ஒரு துறை. அவ்வகையில் அது திறனாய்வாளருக்கும் உரியதாகும்.

மறைகுறிப்பு இரு கூறுகளால் ஆனது. ஒன்று விடையின் பொருளைத் தரும். மற்றையது விடைச்சொல் அமைந்த விதத்தைத் தரும். இரண்டும் ஒரே வாக்கியமாக இழைக்கப்படுவதால் எல்லை புலப்படாது. மேலோட்டமான பொருள் வாசகனை வேறு திசைக்கு இழுத்துச்செல்லும். ஆங்கில எடுத்துக்காட்டுகள் அம்மொழியின் எழுத்துக்களோடு பிணைந்தவை என்பதால், தமிழிலேயே ஒன்றை அமைத்து நோக்குவோம்: ‘அநேகம் கரத்தோடு சேர, அறுத்த மரம் (3)’. அநேகம் என்பது ‘பல’, கரம் ‘கை’, இரண்டும் சேரப் ‘பலகை’, அறுத்த மரம் அதன் பொருள். குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குக் காட்டியாயிற்று.

இதே குறிப்பை ‘அநேகர் கரங்கள் சேர, அறுத்த மரம்’ என்று எழுதியிருந்தால் வாக்கியம் மேலும் அழகுபெற்றிருக்கும். கூட்டுழைப்பின் சித்திரமொன்று கண்முன் எழும். ஆயின் அநேகர் என்பது ‘பலர்’ ஆகுமேயன்றிப் ‘பல’ ஆகாது. அழகுக்காக உண்மை வளைக்கப்பட்டுவிடும். இத்துறையின் அடிப்படை விவாதம் இதுவே.

1926 முதல் 1939இல் இறக்கும்வரை ஒப்சேவர் பத்திரிகைக்குத் தோர்க்கமாடா என்ற புனைபெயரில் புதிர் அமைத்தவர் எட்வேட் பவிஸ் மதர்ஸ். (காஷ்மீரக் கவி பில்கணரின் வடமொழிக் காதற் செய்யுட்களை 1919இல் ஆங்கிலப்படுத்தியவரும் இவரே.) அவரது குறிப்புக்கள் புலமையும் கற்பனையும் செறிந்தவை, எனினும் விடையைச் சாடையாகச் சுட்டுவதோடு அவை பல வேளை நின்றுவிடும். அவரை அடுத்துவந்த மக்நட், சிமெனீஸ் என்ற பெயரில் எழுதியவர். கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்த ஆசிரியர். 1966இல் வெளிவந்த தமது நூலில் அவர் நேர்மை விதிகளை வகுத்தார். அவருக்கு முன்னரே, 1949இல், அஃப்ரித் என்ற புனைபெயர் கொண்ட றிச்சி இதன் வித்தை இட்டிருந்தார்: மேற்பொருள் வாசகனை ஏமாற்றலாம், சொல்லமைப்பு ஏமாற்றலாகாது என்பது அவர் கருத்தின் சாரம். தோர்க்கமாடாவும் சிமெனீஸும் ஸ்பானிய மதவிசாரணைத் தலைவர்களின் பெயர்கள். சித்திரவதைக்காரரின் பெயரைச் சூடிக்கொண்ட ஒருவரே வதைக்கும் வரம்பு விதித்தமை சுவையான முரணே.

இவ்விதிகளின் சமூகப் பெறுமானம் போதியளவு உணரப்படவில்லை. தோர்க்கமாடாவை விடுவிப்பதற்கு அவர் படித்த நூல்களைத் தாமும் படித்திருக்க வேண்டும். சிமெனீஸை விடுவிப்பதற்குச் சேம்பர்ஸ் அகராதியும் தருக்கமும் பொறுமையும் வேண்டும். அதிகாரம் ஆசிரியரின் தனி நூலகத்திலிருந்து, எவரும் விலைகொடுத்து வாங்கக்கூடிய ஒரு நூலுக்கு இடம்பெயர்ந்தது.

நாளாந்தப் புதிர் வழமையாக 15க்கு 15 சதுரங்கள் கொண்டது. ரைம்ஸ் பத்திரிகையின் பெரும்புதிரோ 23க்கு 23, அதாவது 529 சதுரங்கள். பெரிய கட்டத்தில் ஓர் ஆபத்து உண்டு. குறுக்கே வெட்டும் எழுத்துக்கள் சேரச்சேர, குறிப்பை விளங்காமலே விடையை எழுதிவிடலாம். பத்திரிகை பின்னர் வெளியிடுவதும் பெரும்பாலும் விடைக்கட்டமே, விளக்கம் அன்று. விடை சரி, வாசிப்பு நிகழவில்லை என்ற நிலை இது. எமது விமரிசனத்திலும் இந்நிலை அரிதன்று. ஒரு நாவல் முற்போக்கானது அல்லது பிற்போக்கானது என்ற முடிவு, அதன் எழுத்தாளர் சார்ந்த அணியும் காலமும் தரும் ‘வெட்டெழுத்துக்களால்’ நிரப்பப்பட்டுவிடுகிறது. பிரதியின் சொற்கள் கணக்கில் வருவதேயில்லை. முடிவு சரியாகவே இருக்கலாம். அது நிறுவப்படவில்லை என்பதே குறை. சிமெனீஸ் தம் வாசகரைக் கொண்டு குறிப்புக்கள் எழுதுவித்துப் போட்டி நடத்தி, வந்தவற்றைச் சொல் சொல்லாக மதிப்பிட்டுத் தாள்களாக அச்சிட்டு அனுப்பினார். இத்தகைய கறாரான விமரிசனப் பயிற்சி எமது கருத்தரங்குகள் பலவற்றில் இல்லை.

தமிழ் மரபுக்கும் இது முற்றிலும் அந்நியமன்று. தண்டியலங்காரச் சொல்லணியியல் கூறும் மாலைமாற்று, திரிபாகி, அக்கரச்சுதகம் ஆகியன எழுத்தை இடம்மாற்றியும் நீக்கியும் பொருள் காண்பன. பிரிமொழிச் சிலேடை, சொல்லைப் பிரிக்குமிடம் மாறப் பொருள் மாறுவது. இவற்றைப் பிரபுத்துவச் சீரழிவின் சின்னங்களாக மட்டும் காண்பது எளிது. அவை மொழியின் எந்த இயல்பில் வேர்கொண்டுள்ளன என்பது ஆராயப்பட வேண்டும். மற்றொரு குறிப்பு: ‘திருகைத் திருப்ப நாளத்தில் ஓடுவது (3)’. தானியம் அரைக்கும் திருகை என்று மயங்குவோர் விடை காணார். தகர ஒற்று மிகுந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். ‘திருகை’ பெயராயின் இரண்டாம் வேற்றுமைத் தொகையில் ஒற்று மிகாது. ஆதலின் இது ‘திருகு’ என்பதன் உருபேற்ற வடிவம். திருகைத் திருப்பினால் ‘குருதி’. ஏமாற்றும் வாக்கியத்திலும் புணர்ச்சி பொய் சொல்லவில்லை.

எனினும் சிமெனீஸின் நேர்மை வடிவத்தின் நேர்மையே. அகராதி எவருடைய உலகைச் சேமித்து வைத்திருக்கிறது என்பதை அவர் வினவவில்லை. ஆங்கிலப் புதிரின் சுருக்கக் குறியீடுகள் ஒரு வர்க்கத்தின் தொல்பொருட் படிவங்கள். ஓவியர் என்றால் ஆர்.ஏ.; அரச கலைக்கழகத்து உறுப்பினரே ஓவியர். பீரங்கிப் படையினருக்கும் அரச பீரங்கிப் படையின் அதே ஈரெழுத்துக்கள். மாலுமிக்கு ஏ.பி. எல்லாவற்றிலும் குறிப்பிடத்தக்கது ‘ஆட்கள்’ என்பதற்கு வழங்கும் ஓ.ஆர்.; அதிகாரிகள் அல்லாத ‘ஏனைய தரத்தினர்’ என்னும் பிரித்தானிய இராணுவ வழக்கின் சுருக்கம் அது. அதிகாரிகள் வேறு, ஆட்கள் வேறு என்ற பாகுபாட்டை ஏற்றுக்கொண்டாலன்றி அவ்விரு சதுரங்களை நிரப்ப முடியாது. விளக்கம் எழுதாது விடையோடு நிற்பவர் இதனைக் காணவும் மாட்டார்.

2022இல் இரண்டாம் எலிசபெத் மறைந்தார். ‘இராணி’ எனக் கண்டதும் ஈ.ஆர். என்று எழுதிய கைகளுக்கு, நேர்மை விதியின்படி, ‘முன்னாள்’ என்ற சொல்லும் இனி வேண்டியதாயிற்று. ஓ.ஆர். அவ்வாறே இருக்கிறது.